பில்லி போஸ்டனைப் பாராட்டுகிறவர்கள் கதவைப் பற்றிப் பேசுவதில்லை

2025 ஜூன் மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஒரு செய்தியைப் பகிர்ந்தான். பில்லி போஸ்டன் என்ற 90 வயது கறுப்பின ரக்பி வீரருக்கு பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் சார்லஸ் 'சர்' பட்டம் கொடுத்த செய்தி. அதற்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "நிறத்தைச் சொல்லி ஒதுக்குனாங்க. கடைசில ராஜாவே கூப்பிட்டுப் பட்டம் கொடுத்துட்டார். திறமை இருந்தா எவனாலயும் தடுக்க முடியாது தோழர்!"

நானும் ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இரவில் அந்த மனிதரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோதுதான், நான் போட்ட இதயம் எவ்வளவு பெரிய தவறு என்று புரிந்தது. தம்பி நல்ல எண்ணத்தில்தான் எழுதினான். ஆனால் அவன் எழுதிய அந்தக் கடைசி வரி பொய். போஸ்டனின் வாழ்க்கையே அதற்கு எதிரான சாட்சி. அவரைத் தடுத்தார்கள், வெற்றிகரமாகவே தடுத்தார்கள். இந்தக் கட்டுரை அவனுக்கு நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய பதில்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ரக்பியில் இரண்டு வகை உண்டு. அணிக்கு 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன். 13 பேர் ஆடுவது ரக்பி லீக். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது 'ட்ரை'. போஸ்டன் லீக் ஆடியவர். மைதானத்தின் ஓரத்தில் ஓடும் விங் ஆட்டக்காரர். மொத்தம் 571 ட்ரை அடித்தார். பிரிட்டிஷ் லீக் வரலாற்றில் அவருக்கு மேலே இருப்பவர் ஒரே ஒருவர், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரையன் பெவன். இனி வரும் கேள்வி எளிமையானது. இப்படிப்பட்ட ஒருவர் ஏன் தன் சொந்த ஊருக்காகவும், தான் கனவு கண்ட வேல்ஸ் யூனியன் அணிக்காகவும் ஆடவில்லை?

துறைமுகத்துக்கு அந்தப் பக்கம்

போஸ்டன் 1934இல் கார்டிஃப் நகரின் பியூட்டவுன் பகுதியில் பிறந்தார். வெளியே அதற்கு 'டைகர் பே' என்று பெயர். அப்பா மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. அம்மா அயர்லாந்து வழி வந்த கார்டிஃப் பெண். 11 பிள்ளைகளில் பில்லி ஒருவர்.

வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் வெட்டிய நிலக்கரி உலகமெங்கும் போனது கார்டிஃப் துறைமுகம் வழியாக. அந்தக் கப்பல்களின் கொதிகலன்களுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள் சோமாலியர்கள், ஏமனியர்கள், மேற்கு ஆப்பிரிக்கர்கள், கரீபியர்கள். அவர்களின் குடும்பங்கள் வாழ்ந்த இடம்தான் டைகர் பே. கப்பலுக்கு அவர்களுடைய உழைப்பு வேண்டும். நகரத்துக்கு அவர்கள் வேண்டாம். 1919 ஜூனில் வெள்ளையர் கும்பல்கள் அந்தப் பகுதிக்குள் புகுந்து தாக்கின. உயிர்கள் போயின. 1925இல் பிரிட்டிஷ் அரசு ஒரு உத்தரவு போட்டது. தான் பிரிட்டிஷ் பிரஜை என்பதை ஆவணம் காட்டி நிரூபிக்காத கறுப்பினக் கப்பல் தொழிலாளிகள் எல்லாரும் 'அந்நியர்' என்று காவல்துறையில் பதிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்களாகப் பிறந்தவர்களையே கார்டிஃப் போலீஸ் அந்நியர் பட்டியலில் சேர்த்தது. இந்தத் தெருக்களில்தான் போஸ்டன் பந்து பிடிக்கக் கற்றார்.

டைகர் பேயிலிருந்து கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் மைதானத்துக்கு நடந்தே போகலாம். அது வேல்ஸ் ரக்பியின் கோயில் போன்ற இடம். கார்டிஃப் கிளப்புக்கு ஆட வேண்டும், பிறகு வேல்ஸின் சிவப்புச் சட்டையைப் போட வேண்டும். சிறுவன் போஸ்டனின் ஆசை இவ்வளவுதான். அவர் ஆட்டம் யாருக்கும் தெரியாமல் இல்லை. டைகர் பேயின் பல இனப் பிள்ளைகள் சேர்ந்து ஆடிய கிளப்பில் ஆடினார். நீத் அணிக்கும் ஆடினார். நடந்து போகும் தூரத்தில் இருந்த கார்டிஃப் கிளப்பிலிருந்து மட்டும் அழைப்பு வரவே இல்லை.

இதைக் கவனியுங்கள். கறுப்பர்களுக்கு இடமில்லை என்று வேல்ஸ் ரக்பியின் எந்த விதிப்புத்தகத்திலும் எழுதவில்லை. யாரும் கூப்பிட்டு "உனக்கு இடமில்லை" என்று சொல்லவும் இல்லை. கூப்பிடாமல் இருந்தாலே போதும். பட்டியல் போடுகிற அறையில் ஒரு பெயர் உச்சரிக்கப்படாமல் இருந்தால் போதும். விதி எழுதினால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம், போராடலாம். எழுதாத விதியை எதிர்த்து என்ன செய்வது? கேட்டால் "தகுதி அடிப்படையில்தான் தேர்வு செய்தோம்" என்பார்கள். இந்த வாக்கியத்தை நாமும் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா?

நிரூபணம் முடிவில் இருக்கிறது. துறைமுகத்தில் பல தலைமுறைகளாகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த வேல்ஸில், தேசிய யூனியன் அணிக்குள் ஒரு கறுப்பின வீரர் நுழைய 1980கள் வரை ஆனது. அத்தனை ஆண்டுகளும் டைகர் பேயில் பந்து பிடிக்கத் தெரிந்த ஒரு பையன்கூடவா பிறக்கவில்லை?

இங்கிலாந்தின் கதை இன்னும் மோசம். ஜேம்ஸ் பீட்டர்ஸ் என்ற கறுப்பின வீரர் 1906இலேயே இங்கிலாந்து யூனியன் அணிக்கு ஆடினார். அதே ஆண்டு தென்னாப்பிரிக்க அணி வந்தபோது, ஒரு கறுப்பரோடு மைதானத்தில் இறங்குவதை அவர்கள் விரும்பவில்லை. அவர்களுக்கு எதிரான இங்கிலாந்து அணியில் பீட்டர்ஸ் இல்லை. அவருக்குப் பிறகு இங்கிலாந்து யூனியன் அணியில் அடுத்த கறுப்பின வீரர் கிறிஸ் ஓட்டி. ஆண்டு 1988. ஒருமுறை திறந்த கதவு அதன்பின் 80 ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்தது. முன்னேற்றம் தானாக நடக்கும், காலம் மாறினால் எல்லாம் மாறும் என்று ஆறுதல் சொல்கிறவர்களிடம் இந்த இரண்டு ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

கூலி கேட்டால் தீட்டு

லீக் என்ற ஆட்டம் பிறந்ததே ஒரு கூலிச் சண்டையில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், மில் தொழிலாளிகள், துறைமுகத் தொழிலாளிகள். சனிக்கிழமை ஆட வேண்டுமென்றால் வேலையை விட்டு வர வேண்டும். வேலையை விட்டால் கூலி போகும். அதனால் வடக்குக் கிளப்புகள் ஒரு கோரிக்கை வைத்தன. ஆடுவதற்குச் சம்பளம் வேண்டாம், இழந்த கூலியை மட்டும் ஈடு கட்டுங்கள். 1893இல் லண்டனில் நடந்த பொதுக்கூட்டத்தில் இந்தத் தீர்மானம் 282க்கு 136 என்ற வாக்குகளில் தோற்கடிக்கப்பட்டது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் கூடித் தனியாகப் பிரிந்தன. அந்தப் பிரிவுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆனது. இழந்த கூலிக்கு ஈடாக அவர்கள் நிர்ணயித்த தொகை நாளுக்கு 6 ஷில்லிங்.

யூனியன் தலைவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? ஆட்டத்தைக் காசுக்கு விற்பது இழிவு, கனவான்கள் ஆட்டத்தின் மீதுள்ள அன்பினால் மட்டுமே ஆடுவார்கள் என்றார்கள். பரம்பரைச் சொத்தில் சாப்பிடுகிறவனுக்கு அன்பினால் ஆடுவது எளிது. சுரங்கத்தில் இறங்கினால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவனிடம் போய் அந்த அன்பைக் கேட்பது அயோக்கியத்தனம். கூலி வாங்காமல் உழைப்பதைப் பெருமை என்றும், கூலி கேட்பதை அகங்காரம் என்றும் பழக்கிவைத்த சமூகத்தில் பிறந்த நமக்கு இதை யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

தண்டனையும் சும்மா இல்லை. லீக் ஆடியவன் வாழ்நாள் முழுக்க யூனியனுக்குத் திரும்ப முடியாது. ஒரு பரிசோதனை ஆட்டத்தில் லீக் பக்கம் தலைகாட்டியது தெரிந்தால்கூடப் போதும், கதை முடிந்தது. அதனால்தான் அப்படிப் போகிறவர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள். ஆடியவனைத் தொட்டால் ஆட்டமே கெட்டுவிடும் என்ற பயம் அது. இதற்குத் தமிழில் 'தீட்டு' என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒப்பிடும்போது எச்சரிக்கையும் வேண்டும். சாதித் தீட்டு பிறப்போடு வருகிறது, எந்த ஊருக்குப் போனாலும் விடாது. லீக் ஆடியவன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் தூய்மை என்ற பெயரில் உழைப்பவனை வெளியே நிறுத்தும் தந்திரம் ஒன்றுதான்.

அந்தத் தூய்மையின் லட்சணத்தையும் பாருங்கள். வேல்ஸில் யூனியன் ஆடியவர்களில் நிறையப் பேர் வெள்ளைத் தொழிலாளிகளே. கிளப்புகள் அவர்களுடைய பூட்ஸுக்குள் கமுக்கமாகக் காசு வைத்தன. ஊருக்கே தெரியும், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆக, வெள்ளைச் சுரங்கத் தொழிலாளிக்கு வேல்ஸ் ரக்பியில் வளைந்து கொடுக்கும் வழி இருந்தது. டைகர் பே பையனுக்கு அந்த வழியும் இல்லை. "இது வர்க்கப் பிரச்சினை மட்டும்தான், நிறத்தைக் கொண்டுவராதீர்கள்" என்று வாதாடும் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவோடு யூனியன் கடைசிவரை உறவாடியது. 1977இல் காமன்வெல்த் நாடுகள் விளையாட்டு உறவை முறிக்க ஒப்பந்தம் போட்ட பிறகும் 1980இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி அங்கே போனது. 1984இல் இங்கிலாந்து அணி போனது. அந்த நாள்களிலும் லீக் ஆடிக் கூலி வாங்கிய ஒரு தொழிலாளி யூனியன் மைதானத்தில் கால் வைக்கக்கூடாது. நிறவெறியோடு கை குலுக்கினால் ஒட்டாத தீட்டு, 6 ஷில்லிங்கைத் தொட்டால் ஒட்டிக்கொண்டது. 1995இல் யூனியனே காசுக்கு ஆடத் தொடங்கியபோதுதான் இந்த வாழ்நாள் தடை விழுந்தது. நூறு ஆண்டு.

வடக்கே போன பையன்

கட்டாய ராணுவ சேவைக்காக போஸ்டன் யார்க்‌ஷயரின் கேட்டரிக் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ராணுவ அணியில் அவர் ஓடிய ஓட்டம் வடக்கின் லீக் கிளப்புகளை இழுத்தது. 1953இல் விகன் கிளப்பின் நிர்வாகிகள் கார்டிஃப் வீட்டுக்கே பணத்தோடு வந்தார்கள். போஸ்டனுக்குப் போக மனமில்லை. கையெழுத்துப் போட்டால் வேல்ஸ் கனவு முடிந்தது என்று அவருக்குத் தெரியும். அம்மா அவர்களைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்துப் பெரிய தொகையாகக் கேட்டார். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். 3,000 பவுண்டு. இந்தக் கதையைப் போஸ்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கப்பல் தொழிலாளியின் வீட்டில் அந்தப் பணம் என்னவாக இருந்திருக்கும்! ஆனாலும் அந்தத் தாய் மகனின் கனவைக் காப்பாற்றத்தான் முயன்றிருக்கிறார்.

விகனின் இரண்டாம் அணிக்கு அவர் ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்க்கவே 8,000 பேருக்கு மேல் கூடினார்கள். முதல் அணிக்கு ஆறே ஆட்டம் ஆடியிருந்த நிலையில், 1954இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செல்லும் பிரிட்டன் அணியில் 19 வயதில் இடம்பிடித்தார். அந்தச் சுற்றுப்பயணத்துக்குத் தேர்வான முதல் கறுப்பின வீரர் அவரே. 18 ஆட்டங்களில் 36 ட்ரை அடித்துத் திரும்பினார். விகனுக்காக 1968 வரை 488 ஆட்டங்களில் 478 ட்ரை. மூன்று சேலஞ்ச் கோப்பைகள். பிரிட்டனுக்காக 31 ஆட்டங்களில் 24 ட்ரை. 1960இல் உலகக் கோப்பை. ஆட்டத்தை விட்ட பிறகு விகன் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடையை நடத்தி அந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தார்.

அவர் ஒருவர் மட்டுமா போனார்? அவருக்கு முன்பே 1936இல் ராய் பிரான்சிஸ் வேல்ஸிலிருந்து போனார். 1947இல் பிரிட்டன் லீக் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரரானார். பிறகு ஹல், லீட்ஸ் அணிகளின் பயிற்சியாளராகி அந்தத் துறையையே மாற்றினார். பியூட்டவுனிலிருந்து ஜானி ஃப்ரீமனும் காலின் டிக்சனும் ஹாலிஃபாக்ஸ் போனார்கள். கார்டிஃபின் இன்னொரு பகுதியிலிருந்து கிளைவ் சல்லிவன் ஹல் போனார். 1972இல் பிரிட்டன் அணிக்குத் தலைமை தாங்கி உலகக் கோப்பையை வென்றார். பிரிட்டனின் ஒரு தேசிய விளையாட்டு அணிக்குத் தலைவரான முதல் கறுப்பர் அவர். இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்து அணியில் விவ் ஆண்டர்சன் முதல் கறுப்பின வீரராக ஆடியது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1978இல். ஹல் நகருக்குள் நுழையும் பெருஞ்சாலைக்கு இன்று சல்லிவன் பெயர். அவரைப் பெற்ற நகரம் அவரை ஆடவிடவில்லை, ஏற்றுக்கொண்ட நகரம் சாலைக்குப் பெயர் வைத்தது.

லீக் மட்டும் புனிதமா?

இல்லை. இதையும் சொல்லாமல் விட்டால் நானும் புராணம் எழுதுகிறவனாகிவிடுவேன். 1946இல் ஆஸ்திரேலியா சென்ற அணியில் ராய் பிரான்சிஸ் இல்லை. வெள்ளை ஆஸ்திரேலியாவின் நிறத்தடைக்குப் பணிந்தே அவரை விட்டுவிட்டுப் போனார்கள் என்பது பரவலான கருத்து.

1957இல் நடந்தது அதைவிடக் கொடுமை. ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை முடிந்தது. திரும்பும் வழியில் பிரிட்டன் அணியும் பிரான்ஸ் அணியும் தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டங்கள் ஆட லீக் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அங்கே நிறவெறிச் சட்டம். வெள்ளைச் சக வீரர்களோடு போஸ்டன் ஒன்றாகத் தங்க முடியாது, ஒன்றாக ஆட முடியாது. அணி தென்னாப்பிரிக்கா போனது. போஸ்டன் தனியாக வீடு திரும்பினார்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள். உலகக் கோப்பை ஆடிய ஒருவர் தனியாக விமானம் ஏறுகிறார். அவரோடு குளித்து, சாப்பிட்டு, அடிபட்டு ஆடிய அத்தனை பேரும் இன்னொரு திசையில் போகிறார்கள். "பில்லி வரமுடியாத இடத்துக்கு நாங்களும் வரவில்லை" என்று அணியாக நின்றிருந்தால் அந்தப் பயணமே நின்றிருக்கும். அவர்களில் பலர் அவருக்கு நண்பர்கள்தான். நட்பு இருந்தும் இது நடந்தது. "எனக்கு எல்லா சாதியிலும் நண்பர்கள் உண்டு" என்று மார்தட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்ன இருக்கிறது?

லீக் கறுப்பர்களைச் சேர்த்துக்கொண்டது கருணையினால் அல்ல. ட்ரை வேண்டும், கூட்டம் வேண்டும், டிக்கெட் விற்க வேண்டும். ஆனால் அங்கே ஒப்பந்தம் இருந்தது, கூலி இருந்தது. வேலை செய்தவனுக்குக் காசு கொடுத்தாக வேண்டும் என்ற தொழிலாளியின் நியாயம் அந்த ஆட்டத்தின் அடித்தளத்தில் இருந்தது. அதனால்தான், குறைகளோடும் சமரசங்களோடும், கனவான்களின் ஆட்டம் பார்க்க மறுத்தவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. தொழிலாளிகள் தங்களுக்காகக் கட்டிய ஓர் அமைப்பு, அவர்கள் நினைத்தே பார்க்காத இன்னொரு ஒடுக்கப்பட்ட கூட்டத்துக்கும் கூரையானது. போஸ்டனின் கதையில் நான் நம்பிக்கை கொள்ளும் ஒரே இடம் இதுதான்.

பட்டம் யாருக்கு?

இப்போது அரண்மனைக்கு வருவோம். பெயருக்கு முன்னால் 'சர்' போட்டுக்கொண்டு திரிந்த ஜமீன்தார்களையும் திவான்களையும் பார்த்த ஊர் நம்முடையது. அந்தப் பட்டத்தின் மீது எனக்கு மரியாதை கிடையாது. ஆனாலும் அதை யாருக்குக் கொடுக்கிறார்கள், எப்போது கொடுக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. யூனியன் பக்கம் கிளைவ் வுட்வர்டுக்கு 2004இல் கிடைத்தது. கேரத் எட்வர்ட்ஸுக்கு 2015இல் கிடைத்தது. பில் போமண்டுக்கு 2019இல் கிடைத்தது. 1895இல் பிறந்த லீக் ஆட்டத்தில் 'சர்' பட்டம் பெற்ற முதல் வீரர் போஸ்டன். அதற்கு 130 ஆண்டுகள் ஆகின. மறதிநோயோடு அவர் பல ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்தார். உடல்நிலை கருதிப் பட்டமளிப்பை அவசரமாக முன்கூட்டியே நடத்தினார்கள்.

அவரும் அவர் குடும்பமும் மகிழ்ந்தார்கள் என்றால் அது அவர்கள் உரிமை. அந்த மகிழ்ச்சியை அளந்து பார்க்க நான் யார்? விகன் மக்கள் 2016இல் வைத்த சிலையும் எனக்கு உவப்பே. அந்த ஊர் அவரைத் தூக்கிக் கொண்டாடியது 1953இலிருந்து. 2023இல் கார்டிஃப் வளைகுடாவில் போஸ்டன், சல்லிவன், கஸ் ரிஸ்மன் மூவருக்கும் சிலை எழுந்தது. அந்தச் சிலையைக் கேட்டுப் பாடுபட்டவர்கள் பியூட்டவுன் மக்கள். அதுவும் நியாயம்.

என் சண்டை, இதையெல்லாம் வைத்து 'சுபம்' போடுகிறவர்களோடு. "அநீதி நடந்தது, இப்போது சரியாகிவிட்டது" என்று முடித்துவிட்டால், கார்டிஃபில் பட்டியல் போட்ட அந்த அறையைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. யார் உட்கார்ந்திருந்தார்கள்? எத்தனை பெயர்களை உச்சரிக்காமல் விட்டார்கள்? போஸ்டனின் வேகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அந்தக் கதவைப் பற்றி ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறார்கள். அதிலும் கதவு தானாகவே மூடிக்கொண்டதுபோல எழுதுகிறார்கள். "வாய்ப்புக் கிடைக்கவில்லை" என்பார்கள். கொடுக்காதவன் அந்த வாக்கியத்தில் எங்கே?

சராசரியாக இருக்கும் உரிமை

தம்பிக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இனிமேல்தான்.

பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து ஓர் ஆசிரியர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி பாராட்டினார். "உங்க தெருவுல இருந்து இப்படி ஒருத்தன் வருவான்னு நான் நினைக்கவே இல்லடா. நீ ஒரு விதிவிலக்கு." எனக்கு அன்று பெருமையாக இருந்தது. என் தெருவிலிருந்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. என்னைப் பாராட்டிய அதே வாக்கியத்தில் அவர்களை அவர் தள்ளிவிட்டிருந்தார். அவர்களில் இருவர் அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவில்லை.

போஸ்டனைக் கொண்டாடும் முறையிலும் இந்த ஆசிரியரின் குரல்தான் எனக்குக் கேட்கிறது. 571 ட்ரை அடித்தவருக்கு 90 வயதில் பட்டம். சரி, 50 ட்ரை அடித்திருக்கக்கூடிய டைகர் பே பையன் எங்கே? கார்டிஃப் கிளப்பின் இரண்டாம் அணியில் சுமாராக ஆடி, திங்கள்கிழமை வேலைக்குப் போய், ஊரில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வாழ்ந்திருக்க வேண்டிய பையன் எங்கே? அப்படிச் சுமாராக ஆடிய வெள்ளைப் பையன்களுக்கு அங்கே இடம் இருந்தது. அவர்கள் யாரும் மேதையாக இருந்தாக வேண்டியதில்லை. சமத்துவத்தை அளக்க வேண்டியது அங்கேதான். மேதைக்குக் கதவு திறந்ததா என்று பார்க்காதீர்கள். சுமாரான பையனுக்குத் திறந்ததா என்று பாருங்கள்.

போஸ்டன் விஷயத்தில் அந்தக் கதவு மேதைக்கே திறக்கவில்லை. "திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது" என்ற வாக்கியம் அதோடு செத்துவிட்டது. நான்கு தலைமுறை பார்த்த மிகச் சிறந்த விங் ஆட்டக்காரர்களில் ஒருவர், மைதானத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வாழ்ந்தார். அவரைக் கூப்பிடவில்லை. வேறொரு ஊரில், வேறொரு ஆட்டத்தில், தொழிலாளிகள் வேறொரு கதவைக் கட்டிவைத்திருந்ததால் அவர் நமக்குத் தெரிகிறார். அந்தக் கதவு இல்லாதிருந்தால் அவர் துறைமுகத்திலோ கப்பலிலோ வேலை செய்திருப்பார். "டைகர் பேயில் திறமைசாலிகளே இல்லை, இருந்திருந்தால் வந்திருப்பார்களே" என்று நாமும் இன்று பேசிக்கொண்டிருப்போம்.

அதனால், தம்பி, அந்த இதயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன்மேல் கோபமில்லை. ஒடுக்கப்பட்ட ஒருவர் மேலே வந்தார் என்ற செய்தியைப் பார்த்து நெஞ்சு நிமிர்வது இயல்பு, எனக்கும் நிமிர்ந்தது. அடுத்தமுறை "முதல் முறையாக" என்று தொடங்கும் செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பகிர்ந்துகொள்வோம். இவருக்கு முன்னால் வர வேண்டியவர்களை நிறுத்தியது யார்? நிறுத்தியவர்கள் இன்று எந்தப் பதவியில் இருக்கிறார்கள்? உன் கல்லூரியிலேயே தொடங்கலாம். விளையாட்டு அணியோ, ஆய்வு மாணவர் பட்டியலோ, பேராசிரியர் நியமனமோ, பட்டியல் போடும் குழுவில் இருப்பவர்களின் பெயர்களை முதலில் எழுதி வாங்கு. அடுத்த ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்கு அந்தத் தாளோடு வா.